கோட்டுத் துணி போர்த்திய ரிமோட்டுகள்

அன்பும் அதைவிடக் கூடுதலாகப் பொறுமையும் வாய்த்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உங்கள் மாமியாரின் வலது கண் கட்டுக்குள்ளே சுகமாக இருப்பதாக டாக்டர் சொல்கிறார், இடது கண் வழக்கம்போலப் புகைமூட்டம். என் மகளின் சுகத்தைத் தினமும் அரை மணி நேரம் அவள் குரலிலேயே உங்கள் மாமியார் கேட்டு எனக்கும் சொல்கிறாள். ஆகவே உங்கள் சுகத்தை மட்டும் தனியாக எழுதினால் போதும்.

போன வாரம் நீங்கள் போனில், "ரிமோட்டு வேலை செய்யுதா மாமா?" என்று கேட்டீர்கள். நானும், "பிரமாதம் மாப்பிள்ளை, பிரமாதம்" என்று சொல்லி, அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை. போனில் பொய் சுலபமாக வந்துவிடுகிறது, எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரியுங்கள், ஆனால் உங்கள் ஆபீசில் மற்றவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். போன தடவை வந்தபோது ஒரு செங்கல் அளவுக் கம்ப்யூட்டரை டிவிக்குப் பின்னால் ஒட்டி, அதற்குள் சினிமா, பாட்டு, கல்யாண போட்டோ எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் போனீர்களே, அந்த மூளை எங்கள் பரம்பரையில் யாருக்கும் கிடையாது. ஆனால் அதை ஓட்டுவதற்குத்தான் நாலு ரிமோட்டு. டிவிக்கு ஒன்று, கேபிள் பெட்டிக்கு ஒன்று, சத்தப் பெட்டிக்கு ஒன்று, செங்கல்லுக்கு ஒன்று. எதற்குப் பிறகு எதை அழுத்துவது என்று உங்கள் மாமியாருக்கு மனப்பாடம், எனக்கு இன்றுவரை இல்லை. இப்போது அவளுக்குக் கண் ஆபரேஷன். பதினைந்து நாள் படிக்கக் கூடாது, திரையைப் பார்க்கக் கூடாது, முக்கியமாக அழக் கூடாது. அதற்காக என் மகள் நாளுக்கு ஒன்றாகப் பதினைந்து பேச்சு பேசிப் பதிவு செய்து செங்கல்லுக்குள் அனுப்பினாள். எனக்கோ பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கடையில் சீருடைத் துணி என் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டம்மா மதியம் வந்து பார்த்துக்கொள்வார். காலையில் அவள் தனியாக இருக்கும்போது, கண்ணால் பார்க்காமலே ஒரே ஒரு பொத்தானை அழுத்தி மகள் குரலைக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் நாலு ரிமோட்டுக்கும் சேர்த்து ஒரே ரிமோட்டாக வாங்கி, நாலு பக்கம் விளக்கமும் எழுதி அனுப்பினீர்கள். நானும், "முப்பது வருஷமா பொத்தானோட பொழங்கறவன், இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமா" என்று இவளிடம் மார்தட்டிவிட்டேன். பிரித்துப் பார்த்தால் நாற்பத்தொன்பது பொத்தான். ஏழு சட்டைக்குக் காணும்.

உங்கள் விளக்கத்தில் எழுதியிருந்தபடி, பழைய ரிமோட்டையும் புதிய ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு வைத்து, புதியதில் ஒரு பொத்தானைச் சிவப்பு விளக்கு எரியும்வரை பிடித்துக்கொண்டு, பழையதில் அழுத்தினால், புதியது அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். மூன்று தடவை மின்னினால் பாடம் ஏறியது. ஒரே தடவை மின்னி அணைந்தால் ஏறவில்லை. இதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. நாலாம் வகுப்பில் என்னையும் இப்படி வாத்தியாரோடு மூக்கோடு மூக்காக நிறுத்தியிருந்தால் இந்நேரம் நான் எங்கேயோ இருந்திருப்பேன். சரி என்று முதல் நாள் காலை பத்து மணிக்குக் கட்டில் மேல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, இவளையும் பக்கத்தில் சாய்த்து உட்கார வைத்து, பாடத்தை ஆரம்பித்தேன். ஒரே தடவை மின்னி அணைந்தது. திரும்ப அழுத்தினேன், திரும்ப அணைந்தது. மேஜை மேல் வைத்துப் பார்த்தேன், தரையில் வைத்துப் பார்த்தேன், பேட்டரியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன், உங்கள் நாலு பக்கத்தையும் ரிமோட்டுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்துக் காட்டினேன். உங்கள் மாமியார், "கொஞ்சம் மெதுவா படிங்க, அது பயந்துக்கப் போவுது" என்றாள்.

இரண்டாம் நாள் சத்தப் பெட்டி ரிமோட்டை எடுத்தேன், அதே கதை. மூன்றாம் நாள் செங்கல் ரிமோட்டு, அதே கதை. கடைசியில், புதிய ரிமோட்டே பழுது போலிருக்கிறது, சோதித்துப் பார்ப்போம் என்று, போன மாசம் மாட்டிய மின்விசிறியோடு வந்த ரிமோட்டை எதிரே வைத்து அழுத்தினேன். மூன்று தடவை மின்னியது. அந்தச் சந்தோஷத்தில், பாடம் ஏறியது விசிறியிடமிருந்து என்பது மறந்தே போய், புதிய ரிமோட்டை இவள் கையில் கொடுத்து, அவள் விரலைப் பிடித்துப் பெரிய பொத்தான் மேல் வைத்து, "அழுத்து, உம் மவ பேசுவா" என்றேன். அழுத்தினாள். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம்.

"என்னங்க, காத்து நின்னு போச்சே" என்றாள்.

இந்த மூன்று நாளும் கடை பூட்டு. வங்கி வாசலில் நிற்கிற காவலாளி இருக்கிறாரே, அவருடைய சீருடைப் பேன்ட் கால் மடிக்க என்னிடம் இருந்தது. கடை திறக்காததால் அவர் வீட்டையே தேடி வந்துவிட்டார்.

"அண்ணே, இருக்கிற ஒண்ணும் கிழிஞ்சு போச்சு. மேனேஜர் பாக்கறப்பல்லாம் செவுத்தோட முதுகை ஒட்டி நிக்கிறேன்."

"நாளைக்கு ஆயிடும் தம்பி."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

உள்ளேயிருந்து உங்கள் மாமியார், "நீங்க போங்க தம்பி, நாளைக்குக் கண்டிப்பா கடை தெறக்கும்" என்றாள். கண் கட்டியிருக்கிறவள் எந்த நம்பிக்கையில் வாக்குக் கொடுக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பேச்சுக் கேட்கத்தான் வழியில்லையே என்று அந்த மூன்று நாளும் நானே பேப்பரைப் படித்துக் காட்டினேன், வரி விளம்பரம்வரை. பேப்பர் தீர்ந்ததும் கடைக்கு வருகிறவர்களின் அளவைச் சொன்னேன். எந்தத் தெருவில் யாருக்கு எத்தனை அங்குலம் தொப்பை என்பது இப்போது அவளுக்கும் தெரியும்.

நாலாம் நாள். இங்கேதான் மாப்பிள்ளை, நான் எழுந்து நின்று கைதட்டுகிற இடம். நான் டீ போட்டு எடுத்து வந்தபோது, அவள் பழைய ரிமோட்டுகளை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, விசிறி ரிமோட்டு மொழுமொழுன்னு இருக்கு. இதெல்லாம் ஏன் சொரசொரன்னு இருக்கு?"

"கவர் போட்டிருக்கேன் இல்ல. மேல பிளாஸ்டிக் ஜன்னல், மத்த எடமெல்லாம் கோட்டுத் துணி, உள்ள கேன்வாஸ். கடையில கிடைக்காத கவரு."

"மூக்கு வரைக்கும் தைச்சிருக்கீங்களே."

"ரெட்டைத் தையல். தூசி போவாது."

"தூசி போவாது. வேற எதாச்சும் வெளிய வருமா? மூக்கையும் வாயையும் பொத்திட்டுப் பாடம் சொல்லுன்னா எந்த வாத்தியார் சொல்லுவாரு?"

டீ தம்ளரைக் கீழே வைத்தேன். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் சேனல் மாற்ற வேண்டுமென்றால் எழுந்து போய், டிவி மேல் ரிமோட்டை ஊசி போடுவதுபோல் அழுத்திப் பிடித்து மாற்றுவோம். இந்த டிவியின் சுபாவமே அப்படித்தான் என்று நினைத்து, அதைத் தயாரித்தவர்களைத் திட்டிக்கொண்டும் இருந்தேன். கவர் போட்ட புண்ணியவான் நான். கத்தரிக்கோலை எடுத்து நாலு மூக்கையும் வெட்டித் திறந்தேன். வெட்டும்போதுதான் துணியைப் பார்த்தேன். உங்கள் கல்யாணக் கோட்டுக்கு எடுத்த துணியின் மிச்சம். அன்றைக்கு மேடையில் நீங்கள் மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. "எவ்வளவு அடக்கமான பையன்" என்று எங்கள் பக்கத்தார் எல்லாரும் மெச்சினார்கள், நானும் பெருமைப்பட்டேன். கழுத்தில் நான் ஒரு அங்குலம் குறைத்துத் தைத்திருந்தேன் என்பது பிறகு மகள் சொல்லித்தான் தெரியும். நீங்கள் இன்றுவரை சொல்லவில்லை. ஒரே துணி, ஒரே தையல்காரன், ஐந்து பேர் வாயைக் கட்டியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் மனிதர் என்பதுதான் வருத்தம்.

மூக்குத் திறந்ததும் கால் மணி நேரம்தான். அழுத்த அழுத்த மூன்று மின்னல். பிறகு நீங்கள் எழுதியிருந்தபடி நாலு வேலையையும் ஒரே பெரிய பொத்தானில் கோத்தேன். இந்தத் தடவை விரலைப் பிடித்துக் காட்டவில்லை, அவளே தடவிக் கண்டுபிடித்து அழுத்தினாள். டிவி விழித்தது, சத்தப் பெட்டி உறுமியது, செங்கல் முணுமுணுத்தது, பிறகு என் மகள் குரல், அடுத்த அறையில் நிற்பதுபோல: "அம்மா, முதல்ல கண்ணைக் கசக்காம உக்காரு. அப்பா பக்கத்துல இருந்தா கடைக்குப் போவச் சொல்லு." மாப்பிள்ளை, இவள் அழக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் பங்குக்கும் சேர்த்து நானே அழுது தீர்த்தேன். இதைப் போனில் எப்படிச் சொல்வது.

அன்று மதியமே கடையைத் திறந்து காவலாளிக்குப் பேன்ட்டைக் கொடுத்தேன், அவரும் செவுரை விட்டு நகர்ந்துவிட்டார். சாயந்திரம் புதிய ரிமோட்டுக்கு ஒரு கவர் தைத்தேன். பயப்படாதீர்கள், மூக்கைத் திறந்தே விட்டிருக்கிறேன். மற்ற நாற்பத்தெட்டுப் பொத்தானையும் மூடிவிட்டு, பெரிய பொத்தானுக்கு மட்டும் பொத்தான் துளைபோல ஒரே ஒரு காஜா எடுத்து, ஓரத்தைக் கெட்டி நூலால் சுற்றியிருக்கிறேன். இருட்டிலும் விரல் நேராக அங்கே போய் நிற்கும். என் தொழிலில் இதுவரை எடுத்த காஜாக்களில் இதுதான் முதல் இடம் என்று சொல்வேன். இன்னொன்று. கிளம்பும்போதும் ராத்திரி படுக்கும்போதும் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போகிற என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். செங்கல்லின் பிளக்கில் நீங்கள் ஒட்டிய 'அணைக்க வேண்டாம்' சீட்டின் மேல் நான் அளவு நாடாவைத் தொங்கவிட்டிருந்தேன். அதையும் எடுத்துவிட்டேன். இப்போது அந்த ஸ்விட்சை நான் தொடுவதில்லை. நாலு நாளாகக் காலை எட்டரைக்கே கடைக்குப் போய்விடுகிறேன். சாயந்திரம் வந்து, "அழுத்தினியா?" என்று கேட்டால், "ம்" என்கிறாள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, கேட்டிருக்கிறாள்.

இதைச் செய்த உங்கள் அறிவுக்கும், கண்ணில்லாமல் கண்டுபிடித்த அவள் விரலுக்கும், நடுவில் கத்தரிக்கோல் பிடித்த என் கைக்கும் சேர்த்து ஒரு வணக்கம். நீங்களும் என் மகளும் ஒருவர் பேச்சை ஒருவர் தடங்கலின்றிக் கேட்டு, பேட்டரி குறையாமல் நீடூழி வாழ வேண்டும். மாமியார் ஆசி சொல்லச் சொன்னாள். கண் திறந்ததும் அவளே எழுதுவாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில், "என்ன எழுதினீங்க, படிங்க" என்றாள். படித்தேன். பாதியில் சிரிக்க ஆரம்பித்தவள், கட்டு அசையும் என்று பயந்து தலையணையைப் பிடித்துக்கொண்டாள். விஷயம் இதுதான். அந்தப் பேச்சுகள் தினமும் காலை ஒன்பது மணிக்குத் தானாகவே ஓடும்படி மகள் அங்கிருந்தே செங்கல்லில் ஏற்பாடு செய்திருக்கிறாள். டிவியையும் அதுவே எழுப்பிக்கொள்ளும். யாரும் எதையும் அழுத்த வேண்டாம், நான் பிளக்கை அணைக்காமல் இருந்தால் போதும். முதல் மூன்று நாளும் ராத்திரி அணைத்துவிட்டுக் காலை பத்து மணிக்குத்தான் போட்டிருக்கிறேன். ஆபரேஷன் முடிந்த அன்றே மகள் இதை அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டாளாம். நீங்கள் ஆசையாக ரிமோட்டு வாங்கிவிட்டதால் உங்களிடம் சொல்லவில்லையாம். இந்த நாலு நாளில் ஒரு தடவைகூட இவள் பொத்தானை அழுத்தவில்லை. என் முதல் தரமான காஜா தலையணைக்கு அடியில் படுத்திருக்கிறது.

"கவர் விஷயம்?" என்றேன்.

"அது மொத நாளே கையில தட்டுப்பட்டுச்சு. நாலாம் நாள் அந்தத் தம்பியோட பேன்ட்டை நெனச்சாதான் பாவமா இருந்துச்சு, அதான் சொல்லிட்டேன்."

"மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுதானே. மூணு நாளா மவ பேச்சையும் கேக்காம இருந்தியே."

"அவ பேச்சு எங்க போயிடப் போவுது, பெட்டிக்குள்ளதான் இருக்கு. நீங்க கடைக்குப் போயிட்டா உங்க பேச்சு ராத்திரிதான் வரும். அதுவும் சாப்பாட்டோட சேத்து முழுங்கிடுவீங்க."

ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியதில் உங்கள் அறிவு, என் கை இரண்டையும் அடித்துவிட்டுப் படிக்கவும். நம் இருவர் நிலைமையும் ஒன்றுதான். கோட்டை அனுப்பி வையுங்கள், கழுத்தில் ஒரு அங்குலம் விட்டுத் தருகிறேன். அவசரப்படுத்த வேண்டாம். கட்டு அவிழ்க்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதுவரை கடையைப் பதினொரு மணிக்குத்தான் திறப்பதாக அட்டை எழுதி மாட்டிவிட்டேன்.