ரைஸ் குக்கர் எவ்விடம்?

மொன்ட்ரியாலில் 'எவ்விடம்' அண்ணை முழுமனதாக நம்பிய ஒரே பொருள் பனி. அது எங்கிருந்து வருகிறது என்பதை அவர் தன் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. மற்ற எல்லாவற்றின் மீதும் அவருக்குச் சந்தேகம்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் புதிதாக ஒருவரைக் கண்டால் முதலில் கேட்பது "நீங்கள் எவ்விடம்?" என்றுதான். ஊர் தெரிந்தால் ஆளைத் தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அண்ணை அதை வாழைப்பழத்திடமும் கேட்பவர்; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் நாங்கள் வேலை பார்த்த இறக்குமதிக் கிடங்கில், வருகிற சரக்கைப் பிரித்துச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. பக்கத்தில் தெப்பனேர் என்கிற மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போனால், கடைக்காரர் போன்ஜூர் என்று வணக்கம் சொன்னதற்கே "இண்டைக்கு ஏன் சிரிச்சுக்கொண்டு சொல்லுறார்?" என்று வழியெல்லாம் யோசிப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னையும் பிரித்துப் பார்த்தார்.

"பிள்ளை, நீர் எவ்விடம்?"

"சென்னை, அண்ணா."

"அம்மா அப்பா?"

"திருநெல்வேலி."

"அப்ப செய்தது திருநெல்வேலி. சென்னை சும்மா பெட்டியில போட்ட இடம்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. நான் பேசாததையும் அவர் சந்தேகப்பட்டார்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து நகரமான லவாலில் ஒரு மொத்த வியாபாரி ரைஸ் குக்கரை எங்களைவிட மலிவாகக் கொடுக்க ஆரம்பித்தார். எங்களிடம் வாங்கிய கடைகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் நழுவின. முதலாளி அக்கா என்னைக் கூப்பிட்டு, இப்படியே போனால் கடைசியாக வந்த ஆளைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார். கடைசியாக வந்த ஆள் நான்தான்.

தேடித் தேடி ஒரு வழி கண்டுபிடித்தேன். கனடாவுக்கும் தென்கொரியாவுக்கும் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. பொருள் கொரியாவில் செய்ததுதான் என்று அங்குள்ள ஏற்றுமதியாளர் உறுதி கொடுத்தால், இங்கே சுங்கவரி இல்லை. அவருக்குப் புதுச் சந்தை, எங்களுக்கு மலிவான குக்கர். அக்காவுக்குப் பிடித்துவிட்டது. அண்ணைக்குத்தான் பிடிக்கவில்லை.

"ரெண்டு பக்கத்துக்கும் லாபம் எண்டா, நட்டம் ஆருக்கு?"

"யாருக்கும் இல்லைண்ணா. ரெண்டு அரசாங்கமும் வரியை விட்டுக்கொடுக்குது."

"அரசாங்கம்? வரியை விட்டுக் குடுக்குது?" பக்கத்தில் இருந்த பெட்டியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பிள்ளை, உம்மை ஆரோ வடிவா ஏமாத்திப்போட்டினம்."

மாதிரிக்குப் பெரிய குக்கர் ஒன்றும் சின்னது ஒன்றும் வந்தன. அண்ணை இரண்டையும் தட்டினார், கவிழ்த்தார், மோந்தும் பார்த்தார். பிறகு ஏற்றுமதியாளரோடு நேரடியாகப் பேச வேண்டும் என்று அடம்பிடித்தார். வீடியோவில் அந்தச் சியோல்காரர் கோட்டும் டையுமாக வந்து, தலை தாழ்த்தி வணங்கினார்.

"ஏன் குனியிறார்? மேசைக்குக் கீழ என்ன வைச்சிருக்கிறார்?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

"சரி, எவ்விடம் எண்டு கேளும்."

"கொரியாவாம்."

"கொரியாவில எவ்விடம்?"

அந்த மனிதர் பாவம், தன் ஊரைச் சொல்லி, அப்பா ஊரையும் சொல்லிவிட்டார். அண்ணை முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஆள் பரவாயில்லை. இனிக் குக்கரைக் கேளும்."

பெரிய குக்கருக்குத் தொழிற்சாலை அவருடைய அலுவலகத்துக்குப் பின்னாலேயே இருந்தது. கேமராவைத் திருப்பிக் காட்டினார். சின்னதைக் கேட்டதும் டையைத் தடவிக்கொண்டு, அதுவும் இங்கிருந்துதான் வருகிறது என்றார்.

"வாறதைக் கேக்கேல்லை. பிறந்ததைக் கேக்கிறன்."

கேட்டேன். சின்னக் குக்கர் முழுதாக வேறொரு நாட்டில் செய்யப்பட்டது. கொரியாவில் பெட்டியில் போட்டு ஒட்டுவது மட்டும்தான். அது போதும் என்று அவரும் நினைத்திருந்தார்.

ஒப்பந்த விதியை மறுபடி எடுத்துப் படித்தேன். சலுகை அந்த நாட்டில் செய்த பொருளுக்குத்தான், அங்கே பெட்டியில் போட்டதற்கு இல்லை. நான் அனுப்பவிருந்த ஆர்டரில் பெரும்பாலும் சின்னதுதான். வரியில்லாமல் இறக்கிவிட்டுப் பிறகு சுங்கத்தார் சோதித்திருந்தால், வரியோடு அபராதமும் கட்டியிருப்போம். என் வேலையும் போயிருக்கும்.

"சென்னை மாதிரித்தான்," என்றார் அண்ணை.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை.

பெரிய குக்கரை மட்டும் வரவழைத்தோம். வரியில்லாமல் வந்தது. லவால் விலைக்குக் கீழே கொடுத்தோம், போன கடைகள் திரும்பி வந்தன. சியோல்காரருக்கும் நல்ல வியாபாரம். எப்போது பேசினாலும் அந்த எவ்விடம் மனிதர் சுகமா என்று விசாரிப்பார். அண்ணை மட்டும் தன் சந்தேகத்திலிருந்து கடைசிவரை அசையவில்லை. யாராவது கதவைத் தட்டினால், "வரிக்காரர் வந்திட்டினம்" என்பார். ஒரு குக்கரைப் பிரிக்காமல் மேல் தட்டில் வைத்திருந்தார், சாட்சிக்காம்.

ஒரு குளிர்காலக் காலையில் புது லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார், தமிழர். என்னைக் கண்டதும், "தங்கச்சி எவ்விடம்?" என்றார். நான் பெருமூச்சு விட்டு, பிறந்தது சென்னை, அப்பா அம்மா திருநெல்வேலி என்று ஆரம்பித்தேன்.

பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, நீர் சரக்கை இறக்கும். அவ எங்கட பிள்ளை. விசாரிக்கத் தேவையில்லை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப ஏன் அழுறீர்?" என்றார், சந்தேகமாக.