மெழுகுத் துணியில் கட்டிய புளிச்சோறு

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள் நான்கு பேர்: அய்யா, ஆத்தா, ஆத்தாவின் தம்பி சோலை மாமா, நான். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர், யாருக்காக அந்த வண்டி பூட்டப்பட்டதோ அந்த என் அக்கா பேச்சி. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது பெண்ணைக் கூட்டிப்போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. இன்னொருவர் வாழையிலை. அவரை வரக்கூடாது என்று தடுத்தவன் நான்.

இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒரு தரப்பு நியாயம்தான் பேசப்படுகிறது. மறு தரப்பை நானே எழுதிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்துப் படிப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். விளாங்குடியிலிருந்து மதுரைக்கு நடந்து போய்ப் படித்தேன். பையில் புத்தகங்களுக்கு நடுவே ஆத்தா கட்டிக்கொடுத்த இலைப் பொட்டலம் இருக்கும். ஒருநாள் இலை கிழிந்து, மோர்ச்சோறு என் ஆங்கில இலக்கணத்துக்குள் புகுந்துவிட்டது. வாத்தியார் எழுந்து படிக்கச் சொன்னார், பக்கம் பிரியவில்லை. பித்தளைத் தூக்கில் சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் அந்த வருஷம் முழுக்க என்னை ‘மோர்’ என்றே கூப்பிட்டார்கள். அன்றோடு எனக்கும் வாழையிலைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

படிப்பு முடிந்து தல்லாகுளத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பக்கத்து வாசகசாலையில் ஒரு சீமைப் பத்திரிகை வரும். துணியில் தேன்மெழுகைப் பூசி, அதில் பண்டங்களைச் சுற்றிவைத்து, அலசி அலசி மாதக் கணக்கில் புழங்கலாம் என்று அதில் ஒரு கட்டுரை வந்தது. பாதிக் கட்டுரை எனக்குப் புரிந்தது. (மீதிப் பாதியில் என்ன எழுதியிருந்தார்கள் என்பது சோழவந்தான் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் வைத்துத் தெரிந்தது.)

அழகர்மலையிலிருந்து தேன் கொண்டுவந்து விற்கிறவரிடம் மெழுகு கேட்டேன். “தேனை விட்டுப்புட்டு மெழுகைக் கேக்குற மொத ஆளு நீங்கதான் தம்பி” என்று ஒரு உருண்டையைக் கொடுத்தார். துணிதான் சிக்கல். யுத்த காலம்; புதுத் துணி ரேஷனில் அளந்துதான் கிடைத்தது. அய்யா விசேஷத்துக்கென்று பெட்டியில் வைத்திருந்த மல் வேட்டி என் கண்ணில் பட்டது. அதைச் சதுரம் சதுரமாக வெட்டியபிறகுதான் அய்யா பார்த்தார்.

“கட்டிக்கிறதுக்குத் துணி இல்லாம ஊரே அலையுது. நீ சோத்துக்கு வேட்டி கட்டிவிடுறியாடா?”

“ஒரு தடவை கட்டினா ஒரு வருஷத்துக்கு இலை வேண்டாம் அய்யா.”

“இலைக்கு என்னடா கேடு? கொல்லையில சும்மா கிடக்கு!”

விஞ்ஞானத்துக்கு எப்போதும் இப்படி எதிர்ப்பு இருக்கத்தான் செய்யும் என்று நான் அடுப்பை மூட்டினேன். சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதற்குள் ஒரு கிண்ணத்தை இறக்கி மெழுகை உருக்கினேன். துணி விறைக்காமல் இருக்கக் கொஞ்சம் நல்லெண்ணெய். ஒட்டிப் பிடிக்கக் கொஞ்சம் குங்கிலியப் பொடி. (கொஞ்சம் என்பது என் கணக்கு. ஆத்தா கணக்கில் அது ஒரு கோயிலுக்கு ஒரு மாதத்துக்குப் போதும்.) வெள்ளையடிக்கிற மட்டையால் பூசிக் கொடியில் காயப்போட்டேன். அந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி எட்டிப்பார்த்தார்கள்.

ஆனால் துணி அற்புதமாக அமைந்தது. கையின் சூட்டுக்கு வளைந்து கொடுத்தது. விட்டால் மடித்தபடியே நின்றது. தண்ணீர் விட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. வெங்காயத்தைச் சுற்றினேன், வெள்ளரிக்காயைச் சுற்றினேன், பிழிந்த பழைய சோற்றைச் சுற்றித் தல்லாகுளம்வரை கொண்டுபோய்த் தின்றேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. இந்தச் சோதனைகளில் ஒன்றில்கூடச் சூடான பண்டம் இல்லை என்பதை அப்போது யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய பத்திரிகை, எனக்குப் புரியாத பாதியில் சொல்லியிருந்தது.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்குச் சோழவந்தானுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். பையன் பெயர் செல்லையா. எல்லாம் பொருத்தம், பவுனைத் தவிர. அவர்கள் எட்டுப் பவுன் கேட்டார்கள். அய்யா ஐந்துக்கு மேல் ஒரு குன்றிமணி கூடப் போடுவதில்லை என்று நின்றார். ஐந்தைத் தாண்டினால் கிணற்றடி நிலத்தை ஒத்திக்கு வைக்க வேண்டும். நேரில் போய் வீட்டையும் பார்த்து, பேரத்தையும் முடித்துவருவது என்று ஏற்பாடு.

எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பேச்சு முடியுமுன் சம்பந்தி வீட்டில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம்; இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் அவர்கள் சொன்னதற்குச் சம்மதம் என்று அர்த்தம். அதனால் கட்டுச்சோறு இல்லாமல் யாரும் வீடு பார்க்கப் போவதில்லை. சோலை மாமா இதையே ஆயுதமாக்கினார்.

“பேரம் முறுக்குனா நாம எந்திரிச்சு அவுக ஊருத் தோப்புக்கு வந்துருவோம் மச்சான். நல்லாச் சாப்புட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு, சாயந்தரம் சாவகாசமாப் போவோம். அம்புட்டு நேரம் காக்க வச்சா அவுகளே இறங்கி வருவாக.”

ஆக, அய்யாவின் நிலம் அன்றைக்குக் கட்டுச்சோற்றை நம்பி இருந்தது. கட்டுச்சோறு என்னை நம்பி இருந்தது.

விடியற்காலையில் ஆத்தா புளிச்சோறு கிண்டினாள். ஆவி பறந்தது. துணியை விரித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சூடா வைக்கலாமாடா?”

“தண்ணியே புகாத துணி ஆத்தா. சூடு என்ன செய்யும்?”

(இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் கூட என் குரலில் சொல்லிக்காட்டுவார்கள்.)

சோழவந்தானை நெருங்க நெருங்க வழியின் இரண்டு பக்கமும் வாழைத் தோப்பு. கண்ணுக்கு எட்டிய தூரம் இலை. சோலை மாமா என் தோளைத் தட்டினார்.

“மாப்ள, அங்கிட்டுப் பாரு. உனக்கு ஆகாதவுகெல்லாம் வரிசையா நிக்கிறாக. ஒரு கும்பிடு போட்டுரு.”

நான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை வீடு நன்றாக இருந்தது. பையனும் வாட்டசாட்டமாக, அதிகம் பேசாமல் இருந்தான். உச்சிவேளைவரை பேரம் நடந்தது. எட்டு எட்டாகவே இருந்தது, ஐந்து ஐந்தாகவே இருந்தது. திட்டப்படி அய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். “நாங்க போயிச் சாப்புட்டு வாரோம்.” ராஜநடை போட்டு நால்வரும் வண்டியை அவிழ்த்து விட்டிருந்த மாந்தோப்புக்கு வந்தோம்.

பொட்டலத்தை மாமா பிரித்தார். பிரியவில்லை. இழுத்தார். சோற்றோடு துணியும், துணியோடு சோறுமாக ஒரே உடம்பாகியிருந்தன. சூட்டில் உருகிய மெழுகு சோற்றுக்குள் இறங்கி, வழியெல்லாம் ஆறி, மறுபடி கெட்டியாகியிருந்தது. ஒருவழியாகத் துணியை உரித்தபோது வெளியே வந்தது செங்கல். மஞ்சள் நிறம், வழவழப்பு, நான்கு முனையும் கூர்மை. மாமா அதை வண்டிச் சக்கரத்தில் தட்டிப் பார்த்தார். டொக்கென்றது.

“ஒழுகலை பாத்தீங்களா?” என்றேன் நான்.

மாமா வண்டியிலிருந்து அரிவாளை எடுத்து ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். மென்றார். இன்னும் மென்றார். பற்களுக்கு மேல் ஒரு கூரை வேய்ந்ததுபோல் மெழுகு ஒட்டிக்கொள்ள, வாயைத் திறக்காமலேயே பேசினார்.

“மச்சான்... தேர்த் திருவிழாவை மென்னு முழுங்குன மாதிரி இருக்கு.”

கிளையிலிருந்து ஒரு காக்கை இறங்கி வந்து ஒரு துணுக்கைக் கொத்தியது. கீழே போட்டது. அலகை மண்ணில் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

நான் விடவில்லை. என் பங்கை எல்லார் முன்னிலையிலும் உட்கார்ந்து தின்றேன். கடைசிப் பருக்கைவரை தின்றேன். “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்ல முயன்றேன். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டதால் ‘ம்’ மட்டும் வந்தது. அந்த ‘ம்’முக்கு நான் இன்றும் பொறுப்பேற்கிறேன்.

குடிக்கத் தண்ணீர் கொண்டு செல்லையா அங்கே வந்தது அப்போதுதான். மாமா சோற்றை அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் செம்போடு அப்படியே நின்றான்.

“இது... யாரு பண்ணது?”

“நான்தான்” என்று ஒட்டிய உதட்டைப் பிரித்துக்கொண்டு எழுந்து நின்றேன். “தேன்மெழுகு. தண்ணி புகாது. ஒரு வருஷம் வரும்.”

அவன் துணியைக் கையில் வாங்கித் தடவி, முகர்ந்து பார்த்தான். சிரிக்கவில்லை. (சிரிப்பை எப்படி அடக்கினான் என்று பிறகு அக்காவிடம் சொன்னானாம், கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டானாம்.) “வீட்டுல கோழிக் குழம்பு கொதிக்குது. எல்லாரும் வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஊரில் காசு கொடுத்துச் சாப்பிட ஒரு கடை கிடையாது. ஆத்தா விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருந்தாள். அய்யா பசியையும் கிணற்றடி நிலத்தையும் மனசுக்குள் அளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஆத்தாதான் புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“வீடும் நல்லாருக்கு, பையனும் நல்லாருக்கான். இன்னும் எத்தனை ஊருக்கு இவன் துணியில சோத்தைக் கட்டிக்கிட்டு அலையச் சொல்றீக? எனக்குப் பசிக்குது. நான் கை நனைக்கப் போறேன்.”

போனோம். எங்களுக்காக விரித்திருந்தது என்ன தெரியுமா? தலைவாழை இலை. பச்சைப் பசேலென்று, ஒரு கிழிசல் இல்லாமல், என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அய்யா இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செம்பில் கையை நனைத்தார். சம்பந்தியாகிவிட்டவர் அவர் இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

“அப்ப எட்டுன்னே வச்சுக்குவமா?”

வாயில் கோழியோடு அய்யாவால் என்ன சொல்ல முடியும்?

திரும்பும்போது எங்கள் ஊர் எல்லை வந்ததும் அய்யா ஒன்று மட்டும் சொன்னார். “அந்த வேட்டியாவது இருந்துச்சுன்னா கல்யாணத்துக்குக் கட்டியிருப்பேன்.”

கிணற்றடி நிலம் ஒத்திக்குப் போனது. அதை என் குமாஸ்தா சம்பளத்தில் நான்தான் மீட்டேன். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன், வீட்டில் யாரும் சொல்வதில்லை. அக்கா புருஷன் அன்றைக்குத் தோப்பில் எடுத்துக்கொண்ட துணியைத் திருப்பித் தரவே இல்லை. அதைக் கழுவி, சந்தைக்குப் போகும்போது வெற்றிலையைச் சுற்றிக்கொண்டு போகிறார். இரண்டு நாளானாலும் வாடுவதில்லை என்று அவரே சொல்கிறார். என் துணியில் குற்றம் இல்லை. சோறு சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

அக்கா அந்த எட்டுப் பவுனில் ஐந்துக்கு மேல் வந்த சங்கிலியைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறாள். விசேஷ வீடுகளில் யாராவது அதைத் தொட்டுப் பார்த்து எந்த ஆசாரி செய்தது என்று கேட்டால், என் பக்கம் கையைக் காட்டுவாள். “ஆசாரி என்ன ஆசாரி? இது என் தம்பி புளிச்சோத்துல வார்த்துக் குடுத்தது.” அவள் பிள்ளைகள் அதற்கு ‘மெழுகுச் சங்கிலி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பந்தியில் நான் உட்கார்ந்தால், “மாமாவுக்கு ஆற வச்சுப் போடுங்க” என்று ஒரு குரல் தவறாமல் வரும்.

வரட்டும். அன்றைக்கு வண்டியில் வராத என் அக்கா ஒருத்திக்காவது என் விஞ்ஞானம் பலித்தது. ஆன செலவு: ஒரு மல் வேட்டி, மூன்று பவுன்.