முகத்துக்கு அடித்த திராட்சை மருந்து

முகப்பரு போக வேண்டும் என்று அவசரப்படுகிறவன் எந்தப் பாட்டிலையும் முகர்ந்து பார்ப்பதில்லை.

1975, ஐப்பசி. (எழுபத்தாறு என்பான் என் தம்பி. அவன் தன் கல்யாண நாளையே மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவன்.) கம்பத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. எனக்கு இருபத்துநாலு வயது; தோட்டத்தைவிடக் கன்னத்தில் நல்ல விளைச்சல். இரண்டு இடங்களில் ஜாதகம் பொருந்தியும் மூஞ்சி பொருந்தவில்லை. மூன்றாவதாக, ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான தேவாரத்துக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது.

அப்போதெல்லாம் டாக்டர் எழுதும் பூச்சு மருந்தைக் கம்பவுண்டர் கலந்து தருவார். பாட்டில் மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய், தேன், இருமல் மருந்து, தோட்டத்து மருந்து எல்லாம் ஒரே அலமாரியில் தோளோடு தோள் நிற்கும். அதில் இறுக்கமான மூடியுள்ள காலிப் பாட்டில் ஒன்றை எடுத்து, தண்ணீர் விட்டு ஒரு குலுக்குக் குலுக்கிக் கொண்டுபோனேன்.

வெள்ளையாக ஊற்றிய மருந்து, வீடு வருவதற்குள் இளநீலமாகிவிட்டது. வீரியம் என்று நினைத்தேன். (பி.ஏ. பாஸ்.) சனிக்கிழமை முழுக்கப் பூசினேன். எரிந்தது. வேலை செய்கிறது என்று இன்னும் அப்பினேன்.

ஞாயிறு காலை, கண்ணாடியில் என் கண்களைத் தேட வேண்டியிருந்தது.

அப்பா பாட்டிலை வாங்கிப் பார்த்தார். "அடப்பாவி! கொடிக்கு அடிக்க மயில்துத்தம் கரைச்சு வச்சிருந்த பாட்டிலுடா இது!"

"இன்னைக்குப் போகாட்டி என்னங்க?" என்றாள் அம்மா.

"அங்கன சொந்தபந்தமெல்லாம் கூடியிருப்பாக. போகலன்னா இவனுக்கு இனி எவன் பொண்ணு தருவான்?"

போனோம். பெண்ணின் அத்தை என்னைப் பார்த்ததும் பிள்ளைகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள். "ஆத்தாடி! மாப்பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு!"

யாரோ வேப்பிலை ஒடிக்கப் போனார்கள். பெண்ணின் அப்பா கும்பிட்ட கையோடு பின்னால் நகர்ந்தார். "ஆத்தா இறங்கட்டும். பொறவு பேசுவம்."

பேசமாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு வேறு வழியில்லை. "அம்மையில்லைங்க. திராட்சைக்கு அடிக்கிற மருந்தைப் பயபுள்ள மூஞ்சிக்கு அடிச்சுட்டான்."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சிரிப்பு அடங்கியதும் அதே குரல் சொன்னது:

"எரியுமில்ல, பாவம். முதல்ல மூஞ்சி கழுவப் பச்சைத்தண்ணி குடுங்கப்பா. வீக்கம் வத்துனதும் இன்னொருக்கா வரச் சொல்லுங்க. ஆளு எப்படி இருக்காகன்னு நானும் பாக்கணும்ல?"

இன்னொரு முறை போனேன். தையில் கல்யாணம். வந்த வாரமே என் மனைவி தோட்டத்து மருந்தையெல்லாம் மோட்டார் ரூமுக்கு அனுப்பிப் பூட்டுப் போட்டாள். சாவி வீட்டில் எல்லோர் கையிலும் இருந்திருக்கிறது, என்னைத் தவிர.

இப்போதும் யாராவது விருந்துக்கு வந்து, இந்த வயதிலும் என் முகத்தில் ஒரு புள்ளி இல்லை என்று வியந்தால் போதும், அவள் சோறு போடுவதை நிறுத்திவிடுவாள்.

"இவுகளுக்குக் கல்யாணத்துக்கு முந்தியே மருந்து அடிச்சாச்சுல்ல. இன்னைக்கு வரைக்கும் ஒரு பூச்சி அண்டல!"