தீ ஒத்திகையில் ஒரு சாவு

காலை பத்தே கால் மணி. முதலில் கண்ணில் பட்டது, செல்வராஜின் நெற்றியிலிருந்து காது வரை வழிந்திருந்த பீட்ரூட் சாறு. கேத்தியில் விளைந்த பீட்ரூட். நானே துருவி, நானே பிழிந்தது. நிறம் சரியாக வந்திருந்தது. அன்றைக்குச் சரியாக வந்தது அது ஒன்றுதான்.

கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாத முடிவில் வேலை நிரந்தரமாகுமா, பெட்டியைக் கட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்கே திரும்புவேனா என்பது அன்றைய தீ ஒத்திகையின் கையில் இருந்தது. அதைப் பார்க்கவென்றே கோவைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஜி.எம். வந்திருந்தார். வெளியே புல்வெளியில், ‘ஒன்றுகூடும் இடம்’ என்று நான் நட்ட பலகைக்குக் கீழே, செல்போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்துவைத்து நின்றார்.

திட்டம் எளிது. தேயிலை உலர்த்தும் டிரையர் அறையில் தீப்பிடித்ததாகப் பாவனை. ஃபிட்டர் செல்வராஜ் அங்கே அடிபட்டு மயங்கிக் கிடப்பார். ஆலைச் சங்கு ஒலித்ததும் எல்லோரும் புல்வெளிக்கு ஓட வேண்டும். முதலுதவிக் குழு ஸ்ட்ரெச்சரோடு வந்து செல்வராஜைத் தூக்கிப்போகும். இது ஒத்திகை என்று ஜி.எம்., செல்வராஜ், நான் ஆகிய மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது. (முதலுதவிக் குழுவுக்கே தெரியாது. சொல்லாமல் நடத்துவதுதான் உண்மையான ஒத்திகை என்று பயிற்சி வகுப்பில் படித்துவிட்டு வந்திருந்தேன்.)

“என்ன ஆனாலும் கண்ணைத் தொறக்கக் கூடாதுங்கண்ணா.”

“நீங்க சொல்ற வரைக்கும் தொறக்க மாட்டனுங்க சார். ஸ்கூல் நாடகத்துல எனக்கு எப்பவும் பொணம் வேசந்தானுங்க.”

தேயிலைத் தூசி ஏறித் தும்மிவிடப் போகிறாரே என்று ஒரு வெள்ளை வேட்டியை மூக்கு வரை போர்த்திவிட்டேன். பிறகு போய்ச் சங்கின் பொத்தானை அழுத்தினேன்.

அந்த எஸ்டேட்டில் வேலை தொடங்க, சாப்பாட்டுக்கு, வேலை முடிய என்று சங்கு ஊதுவார்கள். வேறு நேரத்தில் ஊதினால் அதற்கு ஒரே அர்த்தம்: எஸ்டேட்டில் யாரோ இறந்துவிட்டார். கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எல்லோரும் வர வேண்டும். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இது நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். பாதுகாப்பு அலுவலரான நான்தான் யாரையும் கேட்டதில்லை.

இரண்டே நிமிடத்தில் தொழிற்சாலை காலியானது. பூரித்துப்போனேன். வாசலில், “யாருங்க?” “தெரீலயே, மேல் லைன் பெரியவருங்களா?” என்று பேச்சுக் கேட்டது. ஒருவர் சன்னல் வழியாக டிரையர் அறையை எட்டிப் பார்த்தார். உள்ளே வெள்ளை வேட்டி.

காலியான தொழிற்சாலை, காலியானதைவிட வேகமாக நிரம்பியது. சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் முதுகுச் சுமையோடு இறங்கி வந்தார்கள். புல்வெளியில் ஜி.எம். மட்டும் தனியாக ஒன்றுகூடியிருந்தார்.

கூட்டம் விலகி வழிவிட, செல்வராஜின் மனைவி மாரியம்மா வந்தார். “எம்பட சாமீ! காத்தால உப்புமா வேண்டாம்னியே! தின்னாத் தின்னு, இல்லாட்டிப் போன்னு சொல்லிட்டனே!” என்று அவர்மேல் விழுந்தார்.

“ஒத்திகைங்க! ஒத்திகை!” என்று கத்தினேன். டிரையர் இரைச்சலிலும் அழுகையிலும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வயதான மேஸ்திரி ஒருவர் என் தோளைத் தட்டினார். “அழுதுருங்க சார். மனசுல வெச்சுக்கக் கூடாது.”

செல்வராஜ் கண்ணைத் திறக்கவில்லை. சொன்ன சொல் மாறாதவர். ஆனால் உப்புமாவுக்காக மனைவி இப்படி அழுது அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து பீட்ரூட்டில் கோடு போட்டது. முன்னால் நின்ற பெண் அலறினார்:

“அய்யோ, பொணம் அழுவுதுடீ!”

மாரியம்மா நிமிர்ந்தார். கணவரின் நெற்றியை விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு ஓங்கி ஓர் அறை.

“பீட்ரூட்டு! யாருய்யா உன்னைய இங்க வந்து சாகச் சொன்னது?”

அப்போதும் கண்ணைத் திறக்காமல், செல்வராஜ் ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டினார். திசை துல்லியமாக இருந்தது.

சட்டென்று இரைச்சல் நின்றது. ஜி.எம். உள்ளே வந்து மெயின் சுவிட்சை அணைத்திருந்தார். கொதிக்கும் டிரையருக்கும் ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டுக்கும் நடுவே, முந்தானைகளோடு, ஒருவரையொருவர் நெருக்கியபடி அத்தனை பேர் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சிரிக்கத் தொடங்கியிருந்தவர்களும் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியது.

“தம்பி, இது நெசத் தீயா இருந்திருந்தா?” என்றார் ஜி.எம்.

சங்கு இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

“வெளிய ஓட வெக்கச் சொன்னா, ஊரையே உள்ள கூப்புடற சத்தத்த வெச்சிருக்கீங்க. மாத்துங்க. அடுத்த மாசம் வர்றேன். இவங்க வெளிய ஓடுனா வேலை உங்களுது. இல்லீன்னா நீங்க ஓடலாம்.”

மதியம் மேட்டுப்பாளையத்திலிருந்து செல்வராஜின் மைத்துனர் சாவு மாலையோடு வந்து இறங்கினார். செல்வராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உப்புமாதான்.

சத்தம் தேட ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, அந்த மலையில் எந்தச் சத்தமும் சும்மா இல்லை என்று. மணி அடித்தால் கோயில். தகரத்தைத் தட்டினால் காட்டுமாடு வந்துவிட்டது, வீட்டுக்குள் ஓடு. விசில் அடித்தால் கொழுந்தை எடை போட வா. எல்லாமே எங்காவது வா, உள்ளே போ என்கிற சத்தங்கள்.

ஒரு சாயங்காலம் சாலையில் மாரியம்மாவும் நான்கைந்து பெண்களும் என்னைத் திட்டிக்கொண்டே நடந்தார்கள். கேட்டுக்கொண்டே நானும் நடந்தேன். வளைவுக்கு அப்பால் கோத்தகிரி பஸ் ஏர் ஹாரன் அடித்தது. திட்டு ஒரு சொல்கூட நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் அத்தனை பேரும் ஓரமாக ஒதுங்கிவிட்டார்கள். நானும்தான்.

அடுத்த வாரம் கோவையில் பழைய சாமான் கடையில் ஒரு பஸ் ஹாரன் வாங்கினேன். செல்வராஜ் அதைத் தொழிற்சாலைக் கூரையில் மாட்டினார். இந்த முறை எல்லோரிடமும் முன்கூட்டியே சொன்னேன், மாரியம்மாவிடம் முதலில்.

“வர்றமுங்க, ஓடறமுங்க. ஆனா எங்க ஊட்டுக்காரரு இனிமே படுக்க மாட்டாரு,” என்றார்.

“வேற யாருங்க படுப்பாங்க?”

“ஏனுங், நீங்க சும்மாதான நிக்கறீங்க?”

மற்ற பெண்கள் கைதட்டி முடிவு செய்துவிட்டார்கள்.

ஜி.எம். சொன்னபடி வந்தார். ஹாரன் அடித்தது. டிரையர் அறைத் தரையில் கண்ணை மூடிக் கிடந்தபடி, அத்தனை காலடிகளும் என்னைவிட்டு வெளியே ஓடுவதைக் கேட்டேன். அதைவிட இனிமையான சத்தம் இதுவரை கேட்டதில்லை. வேலை நிரந்தரமானது.

அதன்பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள். ஒவ்வோர் ஒத்திகையிலும் அடிபடுவது நான்தான். எங்கே அடி என்பதை மாரியம்மா முடிவு செய்வார். முதலுதவிக் குழு போட்ட கட்டோடு வீட்டுக்குள் நுழையும்போது மகள் தலை நிமிராமலே கேட்பாள், “இந்தத் தடவ எதுப்பா?” என்று.

இந்த வருடம் இடது கால்.