நைனாவின் தொழிலுக்கு இங்கிலீஷில் ஒரு பேர்

அன்புள்ள அக்கா கஸ்தூரியம்மாளுக்கு, லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து தம்பி கங்காதரன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே கடலும் ஏரியும் நாங்களும் நலம். அங்கே உன் முழங்கால் வலி மட்டும் நலமில்லாமல் ஒழிந்துபோகட்டும்.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நம்ம வைஷ்ணவியைப் பெண் பார்க்கக் காட்டூரிலிருந்து வந்தார்கள். பையன் ரஞ்சித் தங்கமான பிள்ளை. அவன் அப்பா தசரதன் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பாரே என்று முன்னமே பதில் தேட ஆரம்பித்தேன். நம்ம நைனா படகில் வாட்சும் டிரான்சிஸ்டரும் நைலக்ஸ் சேலையும் கொண்டுவந்து இறக்கியதை எப்படிச் சொல்வது? தமிழில் கள்ளக்கடத்தல்காரன் என்றால் அடிக்க வருகிற மாதிரி இருக்கிறது. "இங்கிலீஷ்ல மரியாதையா இன்னாமா சொல்லுவாங்க?" என்று காலேஜில் இங்கிலீஷ் படித்த வைஷ்ணவியையே கேட்டேன். அவள் கடை விரித்துவிட்டாள். கடத்தினால் ஸ்மக்ளர், சாராயம் என்றால் பூட்லெக்கர், கள்ளச் சரக்கை வாங்கி விற்றால் ஃபென்ஸ்.

"ஃபென்ஸுன்னா வேலியாச்சேமா?"

"அதுவுந்தாம்பா."

அப்படியானால் நம்ம அம்மா வேலி! கருவாட்டுக் கூடைக்கு அடியில் சேலையை வைத்துப் பழவேற்காடு முழுக்க விற்றவளாச்சே. கல்யாண வீட்டில் பெண்களெல்லாம் சிங்கப்பூர்ச் சேலையில் மினுக்குவார்கள், எல்லார் மேலும் நெத்திலி வாசம் வீசும். நினைத்தால் இப்பவும் மூக்கில் ஏறுது அக்கா, கண்ணும் கலங்குது.

சரக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு ரன்னர் என்றும் ஒரு பேர் உண்டாம். காதுக்கு இதமாயிருந்தது. தசரதன் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்தி, "எங்க நைனா ரன்னருங்க" என்றேன்.

மனுஷன் பூரித்துப்போனார். "ஓட்டப்பந்தயமா? மெடல் எதுனா வாங்கினாரா?"

வாயை மூடியிருக்கலாம். "மெடலெல்லாம் இல்லீங்க. ஆனா யாராலயும் புடிக்க முடியல" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தோள்ல மூட்டையோட, மணல்ல ஓடுவாரா?"

"உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"எங்கப்பா கஸ்டம்ஸ்ல வாட்ச்மேனுங்க. பின்னாடி ஓடுனவரு அவருதான்."

இறால் வடை ஆறிப்போனது. "யோசிச்சு சொல்றோம்" என்று எழுந்து போய்விட்டார்கள். செத்த பிறகு நைனா பேத்தி கல்யாணத்தையும் கடத்திக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் மீசையில் மணலோடு சிரித்தபடி வந்து, மடியிலிருந்து நமக்கு சாக்லேட் எடுத்துத் தந்த அந்த மனுஷனைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை.

மாமாவுக்கு வணக்கம் சொல். உன் பேரப்பிள்ளைகள் நீரும் நிழலுமாய் நூறாண்டு வாழட்டும்.

மனமுடைந்த தம்பி,
கங்காதரன்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. இப்போதுதான் தசரதன் போன் பண்ணினார், தை மாசம் கல்யாணம் வைத்துக்கொள்ளலாமாம். வைஷ்ணவியும் ரஞ்சித்தும் காலேஜிலிருந்தே பழக்கமாம். பெண் பார்க்க வந்ததே எங்கள் திருப்திக்காகத்தானாம். "இதெல்லாம் அத்தைக்கு முன்னாடியே தெரியும்பா" என்கிறாள் வைஷ்ணவி. நிஜமா அக்கா?