இந்த வாரமும் ஜெயித்தவர்

சபை என்று ஒன்று இருந்தால், அதில் 'சோதனையை ஜெயித்தவர்' என்று ஒருவர் இருந்தே தீருவார். மின்விசிறி ஓடாத சபை இருக்கலாம், கூரை ஒழுகுகிற சபை இருக்கலாம், போதகரே இல்லாமல் காலத்தை ஓட்டுகிற சபையும் இருக்கலாம். இவர் இல்லாத சபையை எங்கேயாவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், போய்ச் சேர்ந்துகொள்ளலாம். நாம் சேர்ந்த மறுவாரமே அங்கேயும் ஒருவர் முளைத்துவிடுவார் என்பது வேறு விஷயம்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டாவது வரிசையில், நடைபாதை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முதல் வரிசையில் உட்கார்ந்தால் தாழ்மைக்கு இழுக்கு. மூன்றாவது வரிசைக்குப் போனால் குரல் எட்டாது. போதகர், "யாராவது சாட்சி சொல்ல..." என்று ஆரம்பித்து "விரும்பினால்" என்று முடிப்பதற்குள் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிவிடுவார். சபையார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர் பார்க்க மாட்டார்.

"இந்த வாரமும் சத்துரு என்னை விடல" என்று தொடங்குவார். "ஆனா நான் விட்டேனா?" என்று முடிப்பார். நடுவில் வருவது மட்டும்தான் வாரத்துக்கு வாரம் மாறும்.

நம்முடைய ஆளுக்குச் சபையார் வைத்த பெயர் ஜெயவீரர். கேலியாகத்தான் வைத்தார்கள்; அவர் பட்டமாக வாங்கிக்கொண்டார். பேருந்து நிலையத்தின் பின்பக்கத்தில், பயணிகள் மறந்துவிட்டுப்போன பொருள்களை வைத்திருக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. உள்ளே போய்ப் பார்த்தால் மனிதர்கள் எதைத்தான் மறக்க மாட்டார்கள் என்று தோன்றிவிடும். மழை நின்றதும் மறக்கப்பட்ட குடைகள், ஒற்றைச் செருப்புகள், கண்ணாடிகள், ஒரு வயலின், காகிதத்தில் சுற்றிய பல்செட்டு, ஒரு ஊன்றுகோல். ஊன்றுகோலை மறந்துவிட்டு எப்படி நடந்து போனார் அந்த மனிதர்? கேட்டால் ஜெயவீரர், "அற்புதம்" என்பார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு எழுதி நூலில் கட்டித் தொங்கவிடுவார். ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. இது உண்மை, இதில் கேலி கிடையாது. மனிதர் அத்தனை சுத்தம். அந்தச் சுத்தத்தை வாராவாரம் எடுத்துத் துடைத்து எல்லோருக்கும் காட்டுவார் என்பதுதான் தொந்தரவு.

ஒரு வாரம் தங்கக் கடிகாரம். "டிக் டிக்குனு என் பேரைச் சொல்லியே கூப்பிட்டுச்சு. விட்டேனா?" இன்னொரு வாரம் தோல் மேலங்கி. "எனக்குன்னே தச்ச மாதிரி இருந்துச்சு." அளவு எப்படித் தெரியும் என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். "போட்டுப் பார்த்தேன். என்னத்த ஜெயிக்கிறோம்னு தெரிஞ்சாத்தானே ஜெயிக்க முடியும்?" என்றார். சில வாரங்கள் வறட்சியாகப் போகும். ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை மட்டுமே வந்த வாரத்தில்கூட மனிதர் அசரவில்லையே! அதன் மிருது, அதன் பூவேலை, அண்ணன் பேரனுக்குக் கொடுத்தால் என்ன என்று காதோரம் ஒரு குரல், இப்படி நீட்டி முழக்கி, கடைசியில் அந்தக் காலுறையையும் ஜெயித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சோதனை வருவது பாவமில்லை, அதற்கு இடம் கொடுப்பதுதான் பாவம் என்று போதகர் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறார். ஜெயவீரர் அதிலிருந்து பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். சோதனை வராவிட்டால் ஜெயிக்க முடியாது. ஆகவே வர வேண்டும். வருவது கொஞ்சம் பெரிதாக வந்தால் நல்லது.

இப்படி நடந்துகொண்டிருந்த ராஜ்யத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் விழுந்தது. போட்டவர் வேறு யாருமில்லை, ஜெயவீரரின் மனைவியின் தம்பிதான். அவர் பேருந்து ஓட்டுநர். குடியால் வேலை போய், கட்டியவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய், எல்லாம் போனபிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சபைக்கு வந்தவர். குடியை விட்டுச் சில மாதம் ஆகியிருந்தது. வேலை திரும்பக் கிடைத்திருந்தது. இந்தக் கோடை முடியும்வரை தொடாமல் இருந்தால் குழந்தையோடு வருகிறேன் என்று கட்டியவளும் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் கடைசி வரிசையில் எழுந்து நின்றார்.

"இந்த வாரம் ரெண்டு தடவை அந்தக் கடை வாசல் வரைக்கும் போயிட்டேன். உள்ள போகல. ஆனா போயிடுவேனோன்னு பயமா இருக்கு. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு ஓட்டுநரின் தோளைத் தட்டினார்கள், ஒருவர் தேநீர் கொண்டுவந்து கையிலேயே கொடுத்தார், போதகர் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஜெயவீரர் அன்றைக்கு ஒரு கேமராவை ஜெயித்து வைத்திருந்தார். வெளிநாட்டுக் கேமரா! ஒருத்தராவது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே?

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ அரித்தது. என்ன அது? தங்கக் கடிகாரம் என்றால் பார்த்தவுடன் தெரிந்திருக்கும். இதற்குச் சீட்டும் இல்லை, நூலும் இல்லை. மைத்துனர் மேல் உள்ள அக்கறை என்று அவராகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்.

"உன் தம்பி பயந்துக்கிட்டே இருக்கான்" என்றார் மனைவியிடம். "பயந்தா ஜெயிக்க முடியாது. சோதனையை நேருக்கு நேர் நின்னு பார்க்கணும். நான் சொல்லித் தர்றேன்."

"அவன் பாட்டுக்கு இருக்கான். நீங்க ஒண்ணும் சொல்லித் தர வேண்டாம்."

"ஆண்டவரே வனாந்தரத்துல நேருக்கு நேர் நிக்கலையா?"

"அவர் ஆண்டவருங்க. இவன் என் தம்பி."

பெண்களுக்கு வேத ஞானம் போதாது என்று ஜெயவீரர் அதை மன்னித்துவிட்டார்.

பேருந்து நிலைய அறையின் மேல்தட்டில் ஒரு பாட்டில் இருந்தது. வழவழப்பான மரப்பெட்டி, உள்ளே பட்டுத் துணி, அதற்குள் மூடி உடைக்காத உயர்ந்த ரக மது. சாப்பிடும் பொருள், குடிக்கும் பொருள் எதுவானாலும் தவணைக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் இன்னொரு ஊழியர் முன்னிலையில் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. தவணை முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. 'ஒரு வாரம்தானே? கொட்டப்போகிற சாமான்தானே? ஆண்டவருடைய வேலைக்குத்தானே?' என்று ஜெயவீரர் சீட்டை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் துணிப்பையில் வைத்து வீட்டுக்கு நடந்தார். குண்டூசியைத் தொடாத கை அது. வழியில் ஒரு குரலும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால்தான் விட்டிருக்க மாட்டாரே!

சனிக்கிழமை மதியம் வீட்டில் சாப்பாடு. போதகர் வந்திருந்தார், சபையிலிருந்து இன்னும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். ஓட்டுநர் சீருடையோடு, வேலை முடிந்த கையோடு வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்ததும் ஜெயவீரர் உள்ளே போய் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து மேஜைக்கு நடுவில், மைத்துனரின் தட்டுக்கு நேராக வைத்தார்.

"மச்சான், இது உனக்கு. குடிக்கிறதுக்கு இல்ல, ஜெயிக்கிறதுக்கு" என்றார். "சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இதைப் பார்த்துக்கிட்டே உக்காரு. நாங்கல்லாம் சாட்சி. நாளைக்குச் சபையில நாம ரெண்டு பேரும் சேர்ந்து எழுந்து நிக்கலாம்."

மனைவி குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். போதகர்தான் மெதுவாகக் கேட்டார்.

"ஆண்டவரைக் கோயில் உச்சியில நிறுத்தி, குதிச்சுக் காட்டுன்னு சொன்னது யாரு? ஞாபகம் இருக்கா?"

"பிசாசு, பாஸ்டர்!" என்று ஜெயவீரர் மற்றவர்களை முந்திக்கொண்டு பதில் சொன்னார். சரியான பதில்தானே? முகமெல்லாம் பெருமை.

ஓட்டுநர் பாட்டிலைப் பார்த்தார். அவருடைய கை மேஜைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தது. ஜெயவீரர் அதைப் பார்த்து, ஆகா, போராட்டம் ஆரம்பித்துவிட்டது என்று நாளைய சாட்சிக்கு முதல் வரியைக்கூட மனதுக்குள் அமைத்துக்கொண்டார். சட்டென்று நாற்காலி பின்னால் விழுந்தது. ஓட்டுநர் செருப்பைக்கூட மாட்டாமல் வாசலைத் தாண்டித் தெருவில் ஓடினார்.

"பார்த்தீங்களா? தோத்துட்டான்" என்றார் ஜெயவீரர்.

மனைவி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். மூடியைத் திருகும் சத்தம் கேட்டது, பிறகு தொட்டியில் களகளவென்று ஊற்றும் சத்தம் கேட்டது. வெறும் பாட்டிலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எங்களைச் சோதனைக்குட்படப் பண்ணாதேயும்னு தினமும் ஜெபம் பண்றோம். நீங்க அதைப் பெட்டியில போட்டு வீட்டுக்கே கொண்டுவந்திருக்கீங்க. உங்களுக்கெல்லாம் நெஞ்சுல கொஞ்சமாவது ஈரம் இருக்கா? அவன் குடிச்சிருந்தா அந்தக் குழந்தைக்கு நீங்களா போய்ப் பதில் சொல்லுவீங்க?"

தம்பியின் செருப்பை எடுத்துக்கொண்டு அவளும் தெருவில் இறங்கினாள். போதகர் பின்னாலேயே போனார். தம்பி வேறு எங்கும் போகவில்லை. பேருந்து நிறுத்தத்துப் பலகையில் வெறுங்காலோடு உட்கார்ந்து, மூச்சு வாங்க அழுதுகொண்டிருந்தார். "நான் ஜெயிக்கிற ஆளு இல்ல பாஸ்டர். ஓடுற ஆளு. ஓடினாத்தான் பிழைப்பேன்" என்றார். போதகர், "நல்லா ஓடுனே, தம்பி" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்.

ஜெயவீரருக்கு மறுநாள் லேசான தலைவலி, சபைக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை காலை, பேருந்து நிலைய அறையின் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரியவர் வந்து நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அதிக நாள் ஆகவில்லை என்பது கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது, சட்டைக் காலர் அத்தனை தொளதொளவென்று கிடந்தது.

"ஒரு மரப்பெட்டி, தம்பி. உள்ளே ஒரு பாட்டில் இருக்கும். ஓய்வு பெற்ற அன்னைக்கு ஆலையில கூட வேலை பார்த்த பசங்க எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. பஸ்ஸுல விட்டுட்டு இறங்கிட்டேன். அதுக்கப்புறம் உடம்புக்கு முடியாமப் படுத்துட்டேன், வர முடியல."

ஜெயவீரர் சீட்டுக் கட்டும் நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் குடிக்கிறது கிடையாது" என்று பெரியவர் சிரித்தார். "அதைக் கண்ணாடி அலமாரியில வைக்கணும். அத்தனை வருஷம் வேலை பார்த்ததுக்கு என்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். தவணைக்கு இன்னும் நாள் இருக்குன்னு வெளியில சொன்னாங்க. உங்களைப் பத்தியும் சொன்னாங்க, நீங்க இருக்கிற இடத்துல ஒரு துரும்பு காணாமப் போகாதுன்னு."

இப்போது பாருங்கள் நம்முடைய ஜெயவீரரை. இத்தனை வருடம் ஒத்திகை பார்த்த மனிதர். கடிகாரத்தை, மேலங்கியை, காலுறையைக்கூட வீழ்த்தியவர். உள்ளதைச் சொன்னால் வேலைக்கு ஆபத்து, பெயருக்கு ஆபத்து, இரண்டாவது வரிசை நாற்காலிக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் எந்த ஆபத்தும் இல்லை. காதோரம் எந்தக் குரலும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அவருடைய சொந்தக் குரல்தான், மரியாதையான, அலுவலகக் குரல்.

"அப்படி ஒண்ணும் வரலையே, ஐயா."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்களேன்."

ஜெயவீரர் எழுந்து மேல்தட்டைப் பார்த்தார், கீழ்த்தட்டைப் பார்த்தார், குடைகளை நகர்த்திக்கூடப் பார்த்தார். சட்டைப் பையில் அந்தச் சீட்டு கசங்கிக் கிடந்தது. "இல்லீங்க" என்றார்.

"சரி தம்பி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பெரியவர் கும்பிட்டுவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அக்கா. இரண்டாவது வரிசையில் ஜெயவீரர். "யாராவது சாட்சி சொல்ல விரும்பினால்..." என்று போதகர் முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. சபையே திரும்பி நம்முடைய ஆளைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இந்த வாரம் எனக்குச் சோதனை ஒண்ணும் வரல, பாஸ்டர்" என்றார். "அமைதியான வாரம்."

"ஆமென்" என்றது சபை. சீக்கிரம் முடிந்த சந்தோஷம் அவர்களுக்கு.

படித்துக்கொண்டே வரும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர், பெரிய மாமனார், அலுவலகத்தில் எதிர் மேஜைக்காரர், யாரோ ஒருவர். 'அப்படியே அவர்தான்!' என்று தொடையைத் தட்டியிருப்பீர்கள். நல்லவேளை நாம் இப்படியில்லை என்று ஒரு சின்ன நிம்மதியும் வந்திருக்குமே? அந்த நிம்மதிக்கு ஒரு சீட்டு எழுதிக் கட்டி, மேல்தட்டில் பத்திரமாக வையுங்கள். உரியவர் கேட்டு வரும்போது, அப்படி ஒன்றும் வரவில்லையே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.