ஏர்கோன் அண்ணேயும் நல்லெண்ணெய்ச் சந்தனமும்

பினாங்கில் வீசுகிற காற்று மொத்தமும் தன் மேற்பார்வையில்தான் வீசுகிறது என்று நம்புகிற ஒரே மனிதர் எங்கள் ஏர்கோன் அண்ணே. வார நாட்களில் ஏர்கோன், அதாவது ஏசி, பழுதுபார்ப்பார். ஞாயிறானால் தஞ்சோங் பூங்கா கடற்கரையில் விண்ட்சர்ஃபிங். பலகைமேல் நின்று, பாயைக் கையில் பிடித்து, காற்றின் தயவில் கடலில் ஓடுகிற அந்த விளையாட்டில் என்னையும் நாசி கண்டார் சோற்றுக்கடை பரீத்தையும் இழுத்துவிட்ட புண்ணியவான் அவர்தான். சொந்தப் பெயர் ஏதோ உண்டு. சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை.

கடற்கரையில் கால் வைத்ததும் உள்ளங்கையைக் கடலை நோக்கி நீட்டுவார். வீட்டு ஏர்கோனை அப்படித்தான் சோதிப்பார். காற்று மந்தமாக இருந்தால், "கேஸ் கம்மி லா இன்னைக்கு" என்பார். பலமாக இருந்தால், "கம்ப்ரசர் புதுசு!" அவருடைய பாயில் கிழிசலுக்கெல்லாம் ஒரே வைத்தியம், ஏர்கோன் பைப்பில் சுற்றுகிற வெள்ளை டேப். ஒரு சுருள் எப்போதும் கால்சட்டைப் பையில் இருக்கும். மனசு முழுக்கக் கடலில் கிடந்தால் தொழில் என்ன ஆகும்? என் வீட்டு ஏர்கோன் அவர் கைபட்ட நாளிலிருந்து குளிர்வதைவிடச் சொட்டுவதுதான் அதிகம்.

வினை ஒரு மீன்பிடிப் படகால் வந்தது. நடுக்கடலில் தத்தளித்த அண்ணேயை அந்தப் படகு கட்டி இழுத்துவந்த கதை, பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த புஷ்பா அக்காவின் காதுக்குப் போய்விட்டது. அண்ணேயின் மனைவி. அவ்வளவுதான், தீர்ப்பு வந்தது.

"ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்கறேன். கடல்ல நிக்குதே அந்தப் பாறை, அதைச் சுத்திட்டு யாரும் இழுக்காம கரைக்கு வரணும். வந்தா பலகை வீட்டுல இருக்கும். இல்லன்னா வித்துடுங்க."

எங்களுக்குக் கதி கலங்கியது. எங்கள் பலகைகளும் அண்ணேயின் வேனில்தான் வரும். அவர் நின்றால் நாங்களும் நின்றோம்.

ஞாயிறு வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது, காற்றோ தொப்பியைப் பிடுங்கியது. அண்ணே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்ரசர் புதுசு மட்டும் இல்ல, ரெண்டு கம்ப்ரசர்!" என்று பூரித்தார். அதற்குள் அக்கா வேனிலிருந்து ஒரு கிண்ணத்தோடு இறங்கினார். புது வண்டிக்குப் பூசை போடுவதுபோல, பலகையில் கால் வைக்கிற இடமெல்லாம் சந்தனத்தை அப்பினார்.

"தண்ணியில குழைச்சா கடல்ல கரைஞ்சிடும்ல? அதான் நல்லெண்ணெய்ல குழைச்சேன்."

பரீத் என்னைப் பார்த்தான். நான் பரீத்தைப் பார்த்தேன். அண்ணே மட்டும், "நல்லதா போச்சு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

ஏறினார், சர்ரென்று வழுக்கி விழுந்தார். மறுபடி ஏறினார், இந்தப் பக்கம் விழுந்தார். பாய் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். கரையில் அக்கா துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் அண்ணேக்குப் பக்கத்தில் போனோம்.

"அண்ணே, அதைக் கழுவி விடுங்க!" என்றான் பரீத்.

"வாய மூடு லா. அவ பாத்துகிட்டு இருக்கா."

"விழுந்துகிட்டே இருக்கீங்களே!"

"விழுந்தா எந்திரிக்கலாம். அவ ஆசையா வெச்சத அவ கண்ணு முன்னாடி எப்படிடா கழுவறது?"

சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார். பலகையில் விரித்தார். பையிலிருந்து டேப்பை எடுத்து, பலகையோடு சேர்த்துச் சட்டையைச் சுற்று சுற்றென்று சுற்றினார். பைப் சுற்றிய கையல்லவா, ஒரு மடிப்புகூட விழவில்லை. பிறகு அதன்மேல் ஏறி நின்று பாயைத் தூக்கினார். காற்று அவரை அள்ளிக்கொண்டு போனது.

என்ன ஓட்டம்! பெரிய வயிறு முன்னால் போக, அண்ணே பின்னால் போனார். பாறைக்குப் பின்னால் மறைந்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பாய் முனை முதலில் தெரிந்தது, அப்புறம் வயிறு. பரீத் தண்ணீரிலேயே குதித்துக் கூத்தாடினான்.

கரைக்கு வந்து இறங்கினால், அக்கா இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார். நீச்சல் தெரியாத மனுஷி.

"ஏங்க, சட்டையை ஏன் அதுமேல கட்டுனீங்க?"

அண்ணே கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"நீ சாமிக்கு வெச்ச சந்தனம். அதுமேல கால் வெக்கலாமா புஷ்பா?"

அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஈரத் துப்பட்டாவால் அண்ணேயின் தலையைத் துவட்டியபடியே, "பலகை வீட்டுலயே இருக்கட்டும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கெட்டியா அரைச்சுத் தரேன்" என்றார்.

அன்றிலிருந்து வாராவாரம் சந்தனம், வாராவாரம் ஒரு சட்டை. நேற்றும் என் வீட்டு ஏர்கோன் சொட்டியது. போன் பண்ணினால், "ஞாயித்துக்கிழமை கழிச்சு வரேன் லா" என்றார். கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுப் படுத்தேன். வேறு ஆளைக் கூப்பிட மனசு வரவில்லை.